பாம்புக்காதும் பச்சைக் கம்பியும்

என் அக்காவின் கணவரை ஆலையில் எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அவர் மாமா. சோடாவும் பழரசமும் பாட்டிலில் அடைக்கும் ஆலை அது. நிமிஷத்துக்கு முந்நூறு கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். அந்த இரைச்சலுக்கு நடுவே இருபத்தெட்டு வருஷம் மெஷின் மேற்பார்வையாளராக இருந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "மூணாவது பேரிங், ரெண்டு நாள் தாங்கும்" என்பார். சொல்லி வைத்தாற்போல் இரண்டாம் நாள் அது போய்விடும்.

காதில் வைத்துக்கொள்ள ஆலையில் அடைப்பான் கொடுத்தார்கள். "காதை அடைச்சுக்கிட்டா அப்புறம் எனக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணி துவைக்கும்போது அக்கா எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள். ஓய்வு பெற்ற அன்று அந்த டப்பா நிரம்பி வழிந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நல்ல மனிதர். இதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் அவரைத் தப்பாக எண்ணக்கூடாது. எங்கள் அப்பா போனபோது எனக்குப் பதினாறு வயது. படிப்பில் நான் மண்ணாங்கட்டி. என்னைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போய் எலக்ட்ரீஷியன் பிரிவில் உட்கார வைத்தவர் அவர்தான். என் முதல் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் அவர் வாங்கிக் கொடுத்தவை. அக்காவுக்குப் பழம் உரித்துக் கொடுப்பார், தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போடுவார். ஒரே ஒரு குறை, காது விஷயத்தில் அவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நான் எதிர்த்துப் பேசியதில்லை. சோறு போட்ட கையை நாய்கூடக் கடிக்காது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அவள் அறை காலியானது. அங்கே மாமா பாட்டுக் கேட்க ஒரு செட் வைத்தார். செட் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் தாழ்வான மேசை, அதன் மேல் ஒரு பிளேயர். அதன் கீழே தரையில் ஓர் ஆம்ப்ளிஃபையர். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் அதன் முகப்பில் இரண்டு பக்கமும் கனமான உலோகக் கைப்பிடி வைத்திருந்தார்கள். அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நாலு காலும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி அடையாளம் போட்டிருந்தார். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் சத்தம் கோணிப்போகுமாம். மற்றவர்களுக்கு ஸ்டூல். ஆம்ப்ளிஃபையரை எப்போதும் அணைக்கக்கூடாது. அது சூடாக இருந்தால்தான் நன்றாகப் பாடும் என்பார். அக்காவுக்கு அந்த அறைக்குள் போக வாரம் ஒருமுறை அனுமதி. சனிக்கிழமை காலை அவர் வெளியே போகும்போது துடைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

வயலின் கேட்பார். பாட்டு அவ்வளவாக வேண்டாம், வெறும் வயலின். "வில் நரம்புல படறதுக்கு முன்னாடி அந்த ஆள் மூச்சு இழுக்கறான் பாரு" என்பார். நான் பார்த்திருக்கிறேன், அந்த இடம் வரும்போது அவரும் மூச்சை இழுப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். நாள் முழுக்க நோயாளியின் வாய்க்குள் மெஷினை விட்டு ராவுகிறவருக்குக் காது மட்டும் தீட்டி வைத்த மாதிரி இருக்குமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். இன்னொருவர் கேபிள்காரர். ஊருக்குள் கடை வைத்து இந்த மாதிரி செட்டுகளுக்கு விலையுயர்ந்த மின்கம்பி விற்கிறவர். நல்ல சட்டை, மெதுவான பேச்சு. அவர் யாரையும் எதையும் வாங்கச் சொன்னதே இல்லை. "சார் காதுக்குத் தெரியும்" என்பார். அவ்வளவுதான் அவர் வியாபாரம்.

முதல் பவர் கேபிள் அப்படித்தான் வந்தது. பச்சைக் குழந்தையின் கை பருமன். கறுப்புப் பின்னல் உறை. கரண்ட் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அதன் மேல் அம்புக்குறி. மரப் பெட்டியில், வெல்வெட் துணிக்குள் நகை மாதிரி படுத்திருந்தது. முந்நூறு மணி நேரம் ஓடினால்தான் அது பழகுமாம். தரையில் படக்கூடாது என்று அதற்குக் கீழே முட்டுக் கொடுக்க ஆறு சின்ன மரக்கட்டைகள் வேறு. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"மாமா, மின் நிலையத்துலேர்ந்து உங்க வீடு வரைக்கும் கரண்ட்டு சாதாக் கம்பியிலதான் வருது. கடைசி ஆறு அடியில இது என்ன பண்ணிடப்போகுது?"

"ஊரெல்லாம் துருப்பிடிச்ச குழாயில வர்ற தண்ணிதானே? கடைசியில வடிகட்டித்தானே குடிக்கிற?" என்றார்.

பல் டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். கேபிள்காரர் அடக்கமாகப் புன்னகை செய்தார். சரி, மனுஷனுக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை, காதில் பூ சுற்றிக்கொள்ள அவருக்கே ஆசையாக இருக்கிறது, சுற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரைச்சல் அந்த மழைக்காலத்தில் ஆரம்பித்தது.

"மாப்ள, உடனே வா" என்று போன். நான் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பாட்டு போடாமல் செட்டை மட்டும் ஓட விட்டிருந்தார். அக்கா கதவோரம் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஙொய்னு ஒரு சத்தம். மெல்லிசா. கொசு மாதிரி. கேக்குதா?" என்றார் மாமா.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள் அக்கா.

"உன்னை யார் கேட்டா? உனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. செவிடன் காதுல ஊதின சங்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்டது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். இந்த அறையில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி நிசப்தம். கண்ணைத் திறந்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார் என்று எனக்குத் தெரியும். அங்கே அந்த வீட்டுக்காரர் தண்ணீர் இல்லாமல் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"ம்... லேசாக் கேக்குது மாமா" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

பொய் சொல்வதென்று ஆன பிறகு முழுசாகச் சொல்ல வேண்டியதுதானே. அவர் தலையை இடது பக்கம் சாய்த்திருந்தார். "இடது பக்கம்" என்றேன்.

"பாத்தியா!" என்று அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். "நானும் அதைத்தான் சொல்றேன். இடது பக்கம்! கரண்ட்டு தெரிஞ்சவன் சொல்றான், கேட்டுக்கோ" என்று அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் என் டெஸ்டரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தண்ணீர் மோட்டாருக்காக.

அடுத்த ஞாயிறு பல் டாக்டருக்கும் கேட்டது. கேபிள்காரருக்குக் கேட்காமல் இருக்குமா? அவருக்கு மிக நன்றாகக் கேட்டது. பிளேயருக்கும் நல்ல கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று மாமாவே சொல்ல, அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேபிள் வந்தது. ஒரு வாரம் இரைச்சல் இல்லை. மாமா பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். எட்டாம் நாள் போன் வந்தது. "மறுபடியும் வந்துடுச்சு மாப்ள."

பிறகு ஆம்ப்ளிஃபையருக்கு இன்னும் பருமனான கேபிள். ஒரு வாரம் நிம்மதி, எட்டாம் நாள் போன். பிறகு சுவரில் இருந்த சாக்கெட். வெள்ளி முலாம் பூசியது ஒன்று தபாலில் வந்தது, நான்தான் மாட்டினேன். ஒரு வாரம். எட்டாம் நாள். ஒவ்வொரு தடவையும் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து "கேக்குதா?" என்பார். ஒரு தடவை கேட்கிறது என்று சொன்னவன் மறுதடவை எப்படி இல்லை என்பது? ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பதுக்கு மேலேயே ஆயிற்று.

அந்த நாட்களில் ஒருமுறை அக்கா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டேய், நிஜமாவே உனக்குக் கேக்குதாடா? என்கிட்ட மட்டும் சொல்லு. எனக்குக் காது போயிடுச்சோன்னு பயமா இருக்கு. டிவி சத்தம்கூடக் குறைவா இருக்கற மாதிரி தோணுது. அவர் எப்பப் பார்த்தாலும் செவிடு செவிடுங்கறார்..."

அடுத்த அறையில்தான் மாமா இருந்தார். கதவு திறந்திருந்தது. "ரொம்ப லேசாதான்கா கேக்கும், எல்லாருக்கும் கேக்காது" என்றேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவள் தனியாகப் போய் மருந்துக்கடையில் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது.

இப்போது நான் செய்த இரண்டாவது காரியத்தைச் சொல்ல வேண்டும். கரண்ட் சமாச்சாரம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் உயிரைக் காக்க இரண்டு காவல் இருக்கின்றன. ஒன்று பச்சைக் கம்பி, எர்த். பெட்டியின் உலோக உடம்பில் தப்பித்தவறி கரண்ட் இறங்கினால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய், லைனையும் விழ வைத்து அணைத்துவிடும். இன்னொன்று மெயின் போர்டில் இருக்கிற ட்ரிப்பர். மனித உடம்பு வழியாகத் துளி கரண்ட் கசிந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டையே அணைத்துவிடும். ஒன்று தூங்கினால் இன்னொன்று விழித்திருக்கும்.

மாமாவின் செட்டில் இருந்த பெரிய பெட்டிகளால் அந்த ட்ரிப்பர் அடிக்கடி காரணமில்லாமல் விழுந்தது. அதற்குள் ஒரு சுருள் இருக்கிறது, அதன் வழியாக வரும்போது சங்கீதத்துக்கு மூச்சு முட்டுகிறது என்று பல் டாக்டர் வேறு எங்கோ படித்துவிட்டு வந்தார். மெயினிலிருந்து நேராக அந்த அறைக்கு ஒரு தனி லைன் இழுத்துக் கொடு, பழைய ட்ரிப்பர் வேண்டாம், நல்லதாகப் புதுசு ஒன்று போடு என்றார் மாமா. இழுத்தேன். நல்ல தடித்த செம்புக் கம்பி, சுத்தமான வேலை. அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் மட்டும் விழுகிற சாதாரண பிரேக்கர் வைத்தேன். ட்ரிப்பரை விட்டுவிட்டேன். வைத்தால் மறுபடியும் விழும், மறுபடியும் போன் வரும், மறுபடியும் அந்த ஸ்டூல். பச்சைக் கம்பி இருக்கிறதே, அது போதும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ட்ரிப்பர் இல்லை என்று மாமாவிடம் சொல்லவில்லை. வேறு யாராவது இப்படி வேலை செய்திருந்தால் அவனை நான் கிழித்திருப்பேன்.

புது லைன் வந்து ஒரு வாரம் இரைச்சல் இல்லை. எட்டாம் நாள் வந்தது. இந்தத் தடவை எனக்குப் போன் வரவில்லை. அப்பாடா என்றிருந்தேன்.

ஏன் வரவில்லை என்றால், இரைச்சல் எர்த் வழியாகத்தான் நுழைகிறது, பச்சைக் கம்பியை எடுத்துவிட்டால் போய்விடும், பெரிய பெரிய ஆட்களெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைச் சபை முடிவு செய்திருந்தது. மாமா தானே உட்கார்ந்து எல்லா பிளக்குகளையும் திறந்து, பச்சைக் கம்பிகளைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, மடக்கி வைத்து மூடிவிட்டார். மெஷின்காரர் இல்லையா, வெளியே பார்த்தால் கை பட்ட தடமே தெரியாது. ஆபத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளை ட்ரிப்பர் போட்டிருக்கிறான், அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

அவருடைய காவல் என் தலையில், என்னுடைய காவல் அவர் தலையில். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம். அந்த அறைக்குள் வாரம் ஒருமுறை ஈரத்துணியோடு போகிறவள் என் அக்கா.

இன்னொன்றும் அங்கே மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கேபிளின் கனம். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் கேபிள் செருகுகிற வாய் சாதாரணக் கம்பிக்காகச் செய்தது. அதில் இந்த மலைப்பாம்பு மாதக்கணக்கில் தொங்கியது. முட்டுக் கொடுத்த மரக்கட்டை ஒன்று சரிந்திருந்தது, பின்பக்கம் என்பதால் யாரும் பார்க்கவில்லை. உள்ளே கரண்ட் வரும் கம்பியின் ஈயப் பற்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கம்பி பெட்டியின் உலோக உடம்பை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். "டேய், அந்தப் பெட்டியைத் துடைக்கிறப்ப விரல்ல சுர்ருங்குது. எறும்பு ஓடற மாதிரி."

"ஜமுக்காளத்துல நடந்துட்டுத் தொட்டா அப்படித்தான்கா இருக்கும். ஒண்ணும் பண்ணாது" என்றேன். பச்சைக் கம்பி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் வேறு என்ன சொல்வான்?

"அங்க ஜமுக்காளம் இல்லையேடா. வெறும் தரைதானே."

"சரி, அடுத்த சனிக்கிழமை வந்து பாக்கறேன்" என்றேன்.

போனேன். சொன்ன நாளில் போனேன் என்பது மட்டும்தான் என் கணக்கில் இருக்கும் நல்ல காரியம், அதையும் பாழாக்கினேன். ஒன்பது மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது அக்கா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். புதுக் கேபிள் ஒன்று வந்து பார்சல் ஆபீசில் கிடக்கிறதாம், பெட்டி கனமாம், என் வண்டி வேண்டுமாம்.

"முதல்ல அந்தப் பெட்டியைப் பாத்துட்டுப் போடா" என்றாள் அக்கா. "போன வாரத்தைவிட ஜாஸ்தியா இழுக்குது."

"அது எங்க ஓடிப்போகுது? பார்சல்காரன் கடையைச் சாத்திடுவான். வா மாப்ள" என்றார் மாமா. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "நாங்க வர்றதுக்குள்ள ரூமை நல்லாத் தொடச்சு வை. புதுக் கேபிள் போடறப்ப தூசி இருக்கக் கூடாது" என்றார்.

"வந்து பாக்கறேன்கா" என்றேன். அதுவரைக்கும் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைகூட இல்லை, தொடாதே, ஒரே வார்த்தை. சொல்லவில்லை.

பார்சல் ஆபீசில் கூட்டம். வரிசையில் நிற்கும்போது மாமா தலையை இடது பக்கம் சாய்த்தார். எனக்கு அந்தச் சாய்வு பழக்கம். விட்டத்தையும் விளக்கையும் ஒருமுறை பார்த்தார்.

"இங்கயும் லைன் சரியில்ல போலிருக்கே. அதே சத்தம்" என்றார்.

"எங்க மாமா?"

"உனக்குக் கேக்கலை? ஆச்சரியமா இருக்கே, வீட்டுல இருக்கறதைவிட இங்க நல்லாக் கேக்குது. இடது பக்கம்தான்."

இடது பக்கம் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு நாட்காட்டி. நான் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். இதுதான் கடைசிக் கேபிள், இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இடது பக்கம், இடது பக்கம் என்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கேட்டைத் திறக்கும்போது உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. தகர வாளி, தரையில் டமடமவென்று உருண்டு எதிலோ முட்டி நின்றது. எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பாம்புக்காதுக்குக் கேட்கவில்லை. "பாத்துத் திற, பெட்டியில இடிச்சுடப் போற" என்றார்.

நான் ஓடினேன்.

அறையில் வயலின் பாடிக்கொண்டிருந்தது. துடைக்கும்போது அலுக்காமல் இருக்க அக்காவே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தரையெல்லாம் தண்ணீர். அவள் ஒருக்களித்துக் கிடந்தாள், வெறுங்கால். வலது கை மட்டும் மேலே தூக்கி, ஆம்ப்ளிஃபையரின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. அவள் பிடித்திருக்கவில்லை, அதுதான் அவளைப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க ஒரே சீராக நடுங்கியது.

பின்னால் வந்த மாமா பெட்டியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கப் பாய்ந்தார். அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். "தொடாதீங்க!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. காலையில் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லவேண்டியவளிடம் சொல்லாமல், இப்போது இவரிடம் சொன்னேன். வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினேன்.

வயலின் பாதியில் நின்றது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. திரும்பி ஓடி வந்தேன். அக்காவின் கை கைப்பிடியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. மூச்சில்லை. மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். பயிற்சிப் பள்ளியில் பொம்மையின் மேல் கற்றுக்கொண்டது. என்னை அங்கே சேர்த்தவர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பது அழுத்து, இரண்டு ஊது. முப்பது, இரண்டு. எத்தனை தடவை என்று தெரியாது. ஒருமுறை அவள் தொண்டையில் ஏதோ அறுந்த மாதிரி சத்தம் வந்தது. இருமினாள். மூச்சை இழுத்தாள்.

எதிர்வீட்டு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்ய ஓடினாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் அக்காவின் மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை.

மாமா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். இடது பக்கம் சாய்த்தார்.

"மாப்ள, மெயினை இறக்கிட்டியா?"

"இறக்கிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா. வீட்டுல ஒரு சொட்டு கரண்ட்டு இல்ல."

அவர் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார். நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கேக்குதே" என்றார். "இன்னும் கேக்குதே."

பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பொத்திய பிறகும் அது நிற்கவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷம் பாட்டில்கள் இடித்துக்கொண்டு ஓடிய சத்தம் அவர் காதை என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எனக்கும். என்றைக்காவது ஒருநாள் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும். ஸ்பீக்கரில் வருகிற இரைச்சலாக இருந்தால் வலது காதுக்கு மாறியிருக்கும். ஆனால் அந்த நாற்காலியின் காலுக்குத்தான் டேப் ஒட்டியிருந்தாரே. முதல் நாளே நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் காது டாக்டரிடம் போயிருப்பார். பிறகு போனார். இடது காதில் பாதிக்கு மேல் கேட்கவில்லை, உள்ளே ஒலிக்கும் சத்தம் இனி எப்போதும் இருக்கும், மருந்து இல்லை என்றார்கள்.

அக்கா பிழைத்தாள். வலது உள்ளங்கை கருகிவிட்டது. இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. மூன்றாம் நாள் தெளிவாகப் பேசினாள். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வர அவருக்குக் கால் வரவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கை எரிகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"டேய்."

"சொல்லுக்கா."

"அந்தச் சத்தம், உனக்கு நிஜமாக் கேட்டுச்சா?"

வராந்தாக் கதவு திறந்துதான் இருந்தது. இந்தத் தடவை அதைப் பார்க்கவில்லை.

"இல்லக்கா. ஒருநாளும் கேட்டதில்ல" என்றேன்.

என்னை அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் தேவலை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதோரமாக ஓடித் தலையணையில் விழுந்தது. கட்டுப் போடாத கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் செவிடு இல்ல" என்றாள்.